வடிவ விரிவும் படைப்பாளியின் அடையாளமும்: கல்முனைப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1

கவிஞர் ஒருவர் நாடகம் எழுதுகிறார். சிறுகதையாசிரியர் ஒருவர் நாட்டார் பாடல்களைத் தொகுக்கிறார். இன்னொருவர் கவிதையிலிருந்து மொழிபெயர்ப்புக்கும் மொழியாராய்ச்சிக்கும் செல்கிறார். இத்தகைய மாற்றங்களை நமது இலக்கிய உலகம் இருவிதமாக எதிர்கொண்டு வந்துள்ளது. பாராட்டுவோர் அதனைப் பன்முக ஆற்றல் என்பர். நூல் வெளியீட்டு விழா அழைப்பிதழ்களிற் பெயருக்கு முன்னால் நீளும் பட்டங்களின் வரிசை இப்பார்வையின் விளைவாகும். ஐயுறுவோர், உரிய துறையில் நிலைத்து நிற்க இயலாமையின் அறிகுறி அது என்பர். இவ்விரு சாராரும் ஓர் எடுகோளில் ஒன்றுபடுகின்றனர். இலக்கிய வடிவம் எழுத்தாளனின் தனிப்பட்ட உடைமை. அதனை அவன் பெருக்கிக்கொள்ளலாம் அல்லது இழந்துவிடலாம் என்பதே அவ்வெடுகோள்.

இது மறுபரிசீலனைக்கு உரியது. வடிவம் ஒரு சமூக உறவு. யார், எவரை நோக்கி, எத்தகைய அனுபவத்தை, எந்தச் சாதனத்தின் மூலம் கூறுகின்றார் என்ற வினாக்களுக்கான விடை வடிவத்தினுள்ளே உறைந்து கிடக்கின்றது. ஆகவே படைப்பாளி ஒருவர் புதிய வடிவமொன்றைக் கைக்கொள்ளும்போது, அவர் எத்தனை துறைகளில் வல்லவர் என்று எண்ணிப் பார்ப்பதாற் பயனில்லை. அவ்வடிவத்தின் மூலம் அவர் எவரோடு, எதனோடு புதிதாக உறவு கொண்டார் என்பதே திறனாய்வாளன் எழுப்ப வேண்டிய வினாவாகும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் எனத் தொடரும் கிழக்குக் கரையோர ஊர்களின் இலக்கிய வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகின்றது.

மார்க்சியத் திறனாய்வுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. 1930களின் இறுதியில் யதார்த்தவாதம் பற்றி ஜோர்ஜ் லூக்காச்சுடன் முரண்பட்ட பெர்டோல்ட் பிறெக்ற், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலின் வடிவத்தையே யதார்த்தத்தின் நிரந்தர அளவுகோலாகக் கொள்வதை ஏற்கவில்லை. யதார்த்தம் மாறும்போது அதனைச் சித்திரிக்கும் முறையும் மாற வேண்டும் என்பது அவரது வாதம். ஈழத்து முற்போக்கு இலக்கிய இயக்கம் உள்ளடக்கத்தின் சமூகப் பெறுமானத்தை நிலைநாட்டுவதிற் பெரும் வெற்றி கண்டது. ஆனால் வடிவம் பற்றிய கேள்வியைப் பல சந்தர்ப்பங்களிற் பின்னொதுக்கியது. அவ்விடைவெளியின் விளைவுகளைக் கல்முனைப் பிரதேசத்துப் படைப்பாளிகளின் அனுபவத்திற் காணலாம்.

2

1961இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை இப்பிரதேசம் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாக இருந்தது. கடலும் வயலும் இதன் இரு பொருளாதார அடித்தளங்கள். போடியார்களும் முல்லைக்காரர்களும் வயற்கூலிகளும் கொண்ட நிலவுடைமை உறவு தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டுக்கும் பொதுவாக விளங்கியது. பரணிற் காவலிருப்போனும் நாற்று நடும் பெண்ணும் பாடிய நாலடிக் 'கவி' இவ்வுழைப்பு வாழ்வினின்று பிறந்த வாய்மொழி வடிவம். அச்சுக்கு வராத, ஆசிரியர் பெயர் அறியப்படாத அவ்வடிவத்தில் உழைப்போரே ஆசிரியரும் கேட்போருமாக இருந்தனர். எழுத்திலக்கியம் தோன்றிய பின்னர் இவ்வுறவு முறிந்தது. படித்த ஆசிரியர் வர்க்கம் எழுதியது. அதே வர்க்கமே வாசித்தது.

முறிந்துபோன இவ்வுறவை மீட்கும் முயற்சியாக நீலாவணனின் (1931–1975) வடிவப் பரிசோதனைகளை நோக்கலாம். பெரியநீலாவணையைச் சேர்ந்த அவர் தனிக் கவிதைகளாற் புகழ்பெற்றவர். 'வழி' என்ற தொகுதி அவரது மறைவின் பின் 1976இல் வெளிவந்தது. எனினும் தனிக் கவிதையோடு அவர் அமைதியுறவில்லை. 'மழைக்கை' போன்ற பா நாடகங்களை எழுதினார். 'பாடும் மீன்' என்ற இதழை நடத்தினார். கல்முனையில் எழுத்தாளர் அமைப்பொன்றைக் கட்டியெழுப்பினார். இறுதியாக 'வேளாண்மை' என்ற காவியத்தில் ஈடுபட்டார். முற்றுப்பெறாத அந்நூலை 1982இல் வ. அ. இராசரத்தினம் பதிப்பித்து வெளியிட்டார்.

'வேளாண்மை' எழுதுவதற்குக் காவியம் என்ற பழைய வடிவம் ஏன் தேவைப்பட்டது என்பது சிந்தனைக்குரியது. அரசரையும் தெய்வத்தையும் பாடுவதற்கெனத் தமிழ் மரபு ஒதுக்கிவைத்த நீண்ட செய்யுள் வடிவத்தினுள் வயலையும் களத்தையும் குடும்பச் சடங்குகளையும் அப்பிரதேசத்தின் பேச்சுவழக்கையும் அவர் கொண்டுவந்தார். குடலை, கதிர் என நெற்பயிரின் வளர்ச்சிப் பருவங்களே அதன் பகுதிகளுக்குப் பெயராயின. வடிவம் பழையது, அவ்வடிவத்தினுள் இடம்பெறும் உரிமையைப் பெற்ற மாந்தர் புதியவர். பா நாடகம் மேடையின் வழியாக வாசகரல்லாதோரையும் எட்டியது. காவியம் உழவு வாழ்வின் முழுமையை எட்ட முயன்றது. தனிக் கவிதையால் எட்ட முடியாத இரண்டு எல்லைகள் இவை. நீலாவணனின் காவியத்தில் நிலவுடைமை உறவின் முரண்பாடுகளைவிட அவ்வாழ்வின் அழகே மேலோங்கி நிற்கின்றது என்ற குறையை ஒருவர் சுட்டலாம். அக்குறை மெய்யானதே. ஆயினும் அம்முரண்பாடுகளைப் பற்றிப் பேசுவதற்குரிய களம் தமிழ்ச் செய்யுளில் அவரால் அமைக்கப்பட்டது என்பதை மறுத்தலாகாது.

3

மஹாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971) அளவெட்டியிற் பிறந்தவராயினும் கல்முனைக் கவிஞர்கள் மீது அவர் செலுத்திய செல்வாக்கு ஆழமானது. ஆங்கிலத்தில் 'லிமறிக்' எனப்படும் ஐந்தடி நகைச்சுவைப் பாடலைத் தமிழ் யாப்புக்கு இசைவித்து அவர் படைத்த 'குறும்பா' 1966இல் நூலாயிற்று. 'கோடை' முதலிய பா நாடகங்களையும் காவியங்களையும் எழுதினார். யாப்பைக் கைவிடாது, அதன் வரிகளை உடைத்து அமைத்து, பேச்சோசையை அதனுள் ஒலிக்கச் செய்தமை அவரது பெருஞ்சாதனை. சாதாரண மனிதனைப் பாடிய இக்கவிஞருக்கு முற்போக்குத் திறனாய்வு உரிய இடத்தை உரிய காலத்தில் வழங்கவில்லை. வடிவப் புதுமைக்குள் உறைந்திருந்த சமூக உள்ளடக்கத்தை அது இனங்காணத் தவறியமையே இதற்கு முக்கிய காரணம் எனலாம்.

மஹாகவியின் இப்பாதையை முன்னெடுத்துச் சென்றவருள் முதன்மையானவர் கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் (பிறப்பு 1944). 1969, 1970 ஆண்டுகளிற் கல்முனையிலிருந்து 'கவிஞன்' என்ற இதழை அவர் வெளியிட்டார். 'தாத்தாமாரும் பேரர்களும்' (1977) நெடுங்கவிதைகளின் தொகுதி. 'அழியா நிழல்கள்' (1982), 'மழை நாட்கள் வரும்' (1983) என்பன அதனைத் தொடர்ந்தன. தன்னுணர்ச்சிக் கவிதை ஒரு கணத்தின் உணர்வைப் பிடித்து வைக்கின்றது. தலைமுறை மாற்றத்தையோ நில உறவின் சிதைவையோ காட்டுவதற்கு அது போதாது. நெடுங்கவிதையை அவர் நாடிய காரணம் இதுவே. பல குரல்களுக்கும் கால ஓட்டத்திற்கும் அங்கே இடமுண்டு.

1981 ஜூன் முதலாந் திகதிக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது அவர் எழுதிய 'புத்தரின் படுகொலை' வேறொரு வடிவத் தேர்வைக் காட்டுகின்றது. நிகழ்வை நேரடியாக வருணிக்காது, கனவுக் காட்சியொன்றின் ஊடாக, ஒடுக்குவோர் போற்றும் அறவுருவையே அக்கொடுமைக்குப் பலியானவராக அக்கவிதை நிறுத்துகின்றது. தமிழருக்கு ஆறுதல் கூறுவதோடு அமையாது, சிங்கள வாசகனின் மனச்சாட்சியையும் அது விளித்தது. பின்னர் பிற மொழிகளிற் பெயர்க்கப்பட்டு அது பரவலாக வாசிக்கப்பட்டமைக்கு இவ்வமைப்பே வழிவகுத்தது.

அதே 1981இல் 'பலஸ்தீனக் கவிதைகள்' என்ற அவரது மொழிபெயர்ப்பு நூல் வெளிவந்தது. நிலம், இடப்பெயர்வு, படையினரின் சோதனை, அடையாள அட்டை என்பன தமிழ்க் கவிதையின் அன்றாடப் பொருள்களாக மாறவிருந்த ஒரு காலகட்டத்தின் வாயிலில் அந்நூல் வந்தது. 1980களின் ஈழத்து எதிர்ப்புக் கவிதைக்கு மொழியும் தொனியும் வழங்கிய மூலங்களுள் அதுவும் ஒன்று. மொழிபெயர்ப்பு என்பது கவிஞனின் ஓய்வு நேரப் பணி என்ற கருத்தை இவ்வரலாறு பொய்ப்பிக்கின்றது. ஒரு மக்கட் கூட்டத்தின் அனுபவத்தை இன்னொரு மக்கட் கூட்டம் தனதாக உணரும் உறவை அவ்வடிவமே சாத்தியமாக்கியது.

இதன் பின்னர் நுஃமானின் உழைப்பு பெரிதும் திறனாய்வையும் மொழியியலையும் நோக்கித் திரும்பியது. அ. யேசுராசாவுடன் இணைந்து தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' (1984), பாரதியின் மொழிச் சிந்தனைகள் பற்றிய ஆய்வு, 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்' (1987), 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' (1999) என்பன அவற்றுட் சில. கவிதையின் பேச்சோசையைக் கூர்ந்து கேட்ட செவியே பின்னர் வழக்குமொழியை அடிப்படையாகக் கொண்டு இக்காலத் தமிழுக்கு இலக்கணம் எழுத முற்பட்டது. மார்க்சியத்தின் பெயரால் அழகியலைப் புறக்கணிக்கும் வரட்டுத்தனத்தைக் கண்டித்த திறனாய்வாளனுக்குள் யாப்போடு போராடிய கவிஞன் இருந்தான். ஒரு வடிவத்திற் பெற்ற ஒழுங்கும் பயிற்சியும் மற்றொரு வடிவத்திற் செயற்படுவதையே நாம் வடிவ விரிவு எனக் கொள்கின்றோம். பட்டங்களின் பெருக்கத்திலிருந்து இதனைப் பிரித்தறிவது அவசியம்.

இவ்விரிவுக்கு ஒரு விலையும் உண்டு. 1977 முதல் 1983 வரையான ஏழாண்டுகளில் மூன்று தொகுதிகளைத் தந்த கவிஞரிடமிருந்து அதன் பின்னர் கவிதைகள் அருகியே வெளிவந்தன. கவிதை வாசகனுக்கு இது இழப்பே. எனினும் திறனாய்வு, இலக்கணம், மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் உழைப்போர் அரிதாக உள்ள ஒரு சிறிய இலக்கியச் சமூகத்தில், தனி மனிதர் ஒருவரே பல பணிகளையும் சுமக்க நேர்வதன் சமூகக் காரணத்தை மறந்துவிட்டு அவ்விழப்பை மதிப்பிட முடியாது.

4

1980களின் நடுப்பகுதி முதல் வடிவத்தைப் பற்றிய கேள்வி அடையாளத்தைப் பற்றிய கேள்வியோடு பின்னிப் பிணைந்தது. 1985இல் இப்பிரதேசத்திற் தமிழ், முஸ்லிம் மோதல்கள் வெடித்தன. 1990 ஜூனிற் கல்முனையில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். ஓகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்தோர் படுகொலை செய்யப்பட்டனர். ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். ஒரே வயல்வெளியையும் ஒரே மொழியையும் பகிர்ந்துகொண்ட ஊர்களின் நடுவே எல்லைகள் எழுந்தன. எழுத்தாளனும் ஏதேனும் ஒரு பக்கத்தின் பிரதிநிதியாகவே பேச வேண்டும் என்ற நிர்ப்பந்தம் உருவாயிற்று. தன் மக்களின் துயரைக் கூறுவது அவனது கடமை. அக்கூற்று ஒரு பிரகடனமாகச் சுருங்கிவிடும் அபாயமும் அங்கிருந்தது.

இந்நிலையிற் கல்முனையிலிருந்து ஒலித்த சோலைக்கிளியின் குரல் மனங்கொளத்தக்கது. 'நானும் ஒரு பூனை' (1985), 'எட்டாவது நரகம்' (1988), 'காகம் கலைத்த கனவு' (1991) என்ற தொகுதிப் பெயர்களே அவரது உலகைக் காட்டுகின்றன. மஹாகவி வழிவந்த யாப்பையும் தெளிந்த உரையாடற் பாங்கையும் விட்டு, பூனையும் காகமும் மரமும் மனிதரோடு இடம் மாறும் படிம உலகொன்றை அவர் படைத்தார். பழகிய வாசகருக்கு இது தொடக்கத்தில் அந்நியமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் நேரடிக் கூற்றுக்குத் தடையிருந்த, ஒவ்வொரு சொல்லும் எந்தப் பக்கத்துச் சொல் என்று சோதிக்கப்பட்ட காலத்தில், அச்சத்தைப் பக்கச் சார்பின்றிப் புலப்படுத்துவதற்கு அவ்வடிவம் இடமளித்தது. பின்னர் அவர் தமது ஊரின் பழைய வாழ்வை உரைநடைப் பத்திகளாக எழுதியதும் இத்தொடர்ச்சியில் வைத்து நோக்கத்தக்கது. கவிதையிற் படிமமாக நின்ற ஊர், உரைநடையில் உணவும் உறவும் தொழிலும் கொண்ட சமூகமாக விரிந்தது.

பாண்டிருப்பைச் சேர்ந்த சண்முகம் சிவலிங்கம் (மறைவு 2012) 'நீர்வளையங்கள்' (1988) தொகுதியின் கவிஞராகவே அறியப்பட்டார். அவரது சிறுகதைகளும் நூலாகியுள்ளன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் சிறுகதையும் உருவகக் கதையும் எழுதியதோடு, கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கிராமியக் கவிகளைத் தொகுத்து அச்சேற்றினார். நுஃமானும் இலங்கை முஸ்லிம்களின் இனத்துவ அடையாளம் பண்பாட்டுப் பன்மையினுள் அமைந்திருப்பதை ஆராயும் நூலொன்றை 2007இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அடையாளம் என்பது ஒற்றைத் தன்மையது என்ற கருத்தைக் கட்டுரை தருக்கத்தால் மறுக்கின்றது. நாட்டார் பாடல் தொகுப்பு, இரு சமூகங்களுக்கும் பொதுவான நாலடிக் கவியை எடுத்துக் காட்டுவதன் மூலம் சான்றால் மறுக்கின்றது. ஒரே வடிவத்தினுள் அடைபட்டிருக்கும் எழுத்தாளன் ஒரே அடையாளத்தினுள்ளும் எளிதில் அடைக்கப்படுகின்றான். இவ்வகையில் வடிவ விரிவு ஓர் அரசியற் பெறுமானத்தையும் பெறுகின்றது.

5

இன்று இப்பிரதேசத்தின் யதார்த்தம் மேலும் மாறியுள்ளது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களின் கரையோரத்தை அழித்தது. டென்மார்க் கடனுதவியுடன் 2008இல் தொடங்கப்பட்டு 2013இல் திறந்து வைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் மற்றொரு மாற்றத்தைக் கொணர்ந்தது. இக்கரையில் மணல் பொதுவாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. கடலுள் நீட்டிக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர் அதனைத் தெற்கே தடுத்து நிறுத்தியது. வடக்கே ஒலுவிற் கிராமத்தின் கரையும் நிந்தவூரை நோக்கிய கரையும் அரிக்கப்பட்டன. தென்னைகளும் காணிகளும் கடலுட் போயின. துறைமுக வாயிலோ மணலால் தூர்ந்தது. வர்த்தகக் கப்பல்கள் வரவில்லை. கரைவலைத் தொழிலாளர் தம் கரையை இழந்தனர்.

இவ்வனுபவத்தை எந்த வடிவம் தாங்கும்? கடலைத் தாயென விளிக்கும் மரபார்ந்த புலம்பலில் அலை மட்டுமே குற்றவாளியாக நிற்கும். கடனும் திட்டமும் அதிகாரமும் மறைந்துவிடும். மூலதனத்தின் இயக்கத்தையும் மணலின் இயக்கத்தையும் ஒருங்கே காட்டுவதற்கு ஆவணமும் கவிதையும் கலந்த நெடுங்கவிதை தேவைப்படலாம். தொழிலாளரின் வாக்குமூலங்களைக் கொண்ட உரைச்சித்திரம் தேவைப்படலாம். மேடை நாடகம் தேவைப்படலாம். துறைமுகத்துக்கு அண்மையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அங்கு பயிலும் இளம் எழுத்தாளர் பலர் பத்து வரிகளுக்கு உட்பட்ட காதற் கவிதையோடு அமைதியுறுவராயின், அக்கவிதை வடிவம் அவர்களுக்கும் கரைவலைத் தொழிலாளருக்கும் இடையிலான தொலைவின் அளவாகவே எஞ்சும்.

வடிவ விரிவு தனிமனித விருப்பத்தால் மட்டும் நிகழ்ந்துவிடுவதில்லை. கல்முனையில் 'கவிஞன்', 'பாடும் மீன்' போன்ற சிற்றிதழ்களும், அவற்றைச் சூழ்ந்த எழுத்தாளர் அமைப்புகளும், இன எல்லை கடந்த நட்பும் இருந்தமையாலேயே முன்னைய தலைமுறை அதனைச் சாதித்தது. சோதனையைப் பொறுத்துக்கொள்ளும் இதழ், தோல்வியையும் பொறுமையோடு விவாதிக்கும் திறனாய்வு, பக்கத்து ஊரின் குரலைக் கேட்கும் வாசகர் வட்டம் ஆகிய மூன்றையும் மீளக் கட்டியெழுப்புவது இன்றைய பணியாகும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் அப்பணியில் முதலடியை எடுத்து வைத்தல் வேண்டும்.