மேல்வாரம், குடிவாரம், பங்குப்பத்திரம்

1

'தொழிலாளியே முதலாளி' என்கிற வாக்கியம் இரண்டு எதிரெதிரான வாய்களிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. சங்க மேடையில் அது ஒரு கனவு. நிர்வாகவியல் வகுப்பறையில் அது ஓர் உத்தி. எதிரிகள் இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்போது அதைக் கொஞ்சம் நிறுத்தி விசாரித்துத்தான் ஆக வேண்டும். அது எப்போது சொல்லப்படுகிறது, சொல்லும்போது கைமாறுவது என்ன, கைமாறாமல் நிற்பது என்ன என்பதுதான் இங்கே கேள்வி.

இதைத் தென்காசியிலிருந்து கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது. இந்தப் பக்கத்து விவசாயத்தில் 'சொந்தம்' என்பது ஒற்றைப் பொருள் கொண்ட சொல்லாக இருந்ததில்லை. சிற்றாற்றுத் தண்ணீர் பாய்கிற நஞ்சைகளில் கோயிலுக்கும் மடத்துக்கும் மிராசுதாருக்கும் போனது மேல்வாரம். உழுதவனுக்கு நின்றது குடிவாரம். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசினதை அளந்துவிட வேண்டும். வாரம் அப்படியல்ல, களத்தில் கிடக்கிறதைத்தான் பிரிக்க வேண்டும். ஆகவே வாரக்குடி நிலத்துக்காரனோடு லாபத்திலும் கூட்டாளி, நட்டத்திலும் கூட்டாளி. ஆனால் வயலை யாருக்கு விற்பது, அடுத்த பூவுக்கு யாரை இறக்குவது என்பதில் அவனுக்கு வாய் கிடையாது. பங்கு உண்டு, பேச்சு இல்லை. 'நம்ம வயலு' என்று அவன் சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொல்லிக்கொண்டே உழுவதில் நிலத்துக்காரனுக்கு ஆட்சேபணை இருக்க நியாயமில்லை.

இன்றைய தொழிலாளர் உடைமை இந்த வாரத்தின் மறுபிறப்பா, அதைத் தாண்டிய ஒன்றா? ஒரு கார் கம்பெனி, ஒரு தேயிலைக் கம்பெனி, ஒரு பீடிச் சங்கம் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்க்கலாம். முதலாவது அமெரிக்காவில் இருப்பது. மற்ற இரண்டும் குற்றால மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில்.

2

2009 ஏப்ரல் 30 அன்று கிரைஸ்லர் கம்பெனி திவால் மனு கொடுத்தது. ஜூன் மாதம் அது மறுபடி எழுந்து நின்றபோது அதன் மிகப்பெரிய பங்குதாரர், ஆட்டோத் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யு.வைச் சேர்ந்த ஓய்வுபெற்றோருக்கான மருத்துவ அறக்கட்டளை. தொடக்கத்தில் ஏறத்தாழ 68 சதவீதம். இத்தாலியின் ஃபியட் தன் பங்கை ஏற்ற ஏற்ற அது 55 ஆக இறங்கும் என்பது ஏற்பாடு. சங்கம் ஒரு கார் கம்பெனியைக் கைப்பற்றிவிட்டது என்று ஒரு தோற்றம்.

உள்ளே போய்ப் பார்த்தால் சங்கம் எதையும் கைப்பற்றவில்லை. ஓய்வுபெற்றவர்களின் வைத்தியச் செலவுக்காகக் கம்பெனி அறக்கட்டளைக்குப் பெரும் பணம் பாக்கி வைத்திருந்தது. கொடுக்க வழியில்லை. ஒரு பகுதிக்கு சுமார் 460 கோடி டாலருக்குக் கடன்பத்திரம், மீதிக்குப் பங்கு என்று கணக்கு நேராக்கப்பட்டது. வராக்கடனுக்கு ஈடாகக் கம்பெனியே தலையில் கட்டப்பட்டது என்பதுதான் நடந்தது.

பங்கோடு கூட வந்தவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்பது பேர் கொண்ட இயக்குநர் குழுவில் அறக்கட்டளைக்கு ஓர் இடம். 2015 வரை சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற உறுதி. புதிதாகச் சேரும் தொழிலாளிக்குப் பழைய தொழிலாளியின் கூலியில் பாதியளவே என்று 2007 ஒப்பந்தத்தில் நுழைந்த இரட்டைக் கூலிமுறையும் தொடர்ந்தது. பெரும்பான்மைப் பங்கு ஒரு கையில் வந்தபோது, சங்கத்தின் ஒரே ஆயுதம் இன்னொரு கையிலிருந்து வாங்கிக்கொள்ளப்பட்டது.

இன்னும் நுட்பமான ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. அறக்கட்டளையின் கடமை வயதான தொழிலாளிக்கு மருந்துச் செலவு கொடுப்பது. பங்கின் விலை ஏறினால்தான் அதற்குப் பணம் சேரும். கூலி குறைந்தால் பங்கின் விலை ஏறும். ஆக, அப்பனின் மாத்திரைக்கும் மகனின் கூலிக்கும் நடுவே பங்குச்சந்தை வந்து உட்கார்ந்துகொண்டது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே ஓடிய கோடு இப்போது தொழிலாளியின் வீட்டுக்குள்ளேயே ஓட ஆரம்பித்தது.

2014 ஜனவரியில், அறக்கட்டளையிடம் மிச்சமிருந்த 41.5 சதவீதத்தை ஃபியட் 435 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. அதில் 190 கோடி கிரைஸ்லரின் சொந்தக் கல்லாவிலிருந்தே எடுத்துக் கொடுக்கப்பட்டது. தொழிலாளி உழைத்துச் சேர்த்த கையிருப்பைக் கொண்டே தொழிலாளியின் பங்கு வாங்கப்பட்டது. சட்டப்படி இதில் ஒரு பிசகும் கிடையாது. அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். ஆலைக்கு உயிர் ஊசலாடியபோது பங்கு தொழிலாளியிடம் இருந்தது. உயிர் திரும்பியதும் அது முதலாளியிடம் திரும்பிவிட்டது.

3

அமெரிக்கா தூரம் என்று தோன்றலாம். மூணாறு தூரமில்லை. குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் அங்கே கொழுந்து விடவைக்கிறது. அந்தக் கொழுந்தைக் கிள்ளுகிற பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அதிலும் தலித்துகள். தென்காசி, சங்கரன்கோவில் பக்கங்களையும் உள்ளடக்கிய பழைய திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணிகள் மலையேற்றிவிட்ட சனங்களின் பேத்திகள் அவர்களில் ஏராளம். வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி பண்ணிவிட்டுக் கீழே இறங்கி வர வேண்டியவர்கள்.

1990களின் கடைசியில் தேயிலை விலை விழுந்தது. தோட்டம் நடத்துவது கட்டுப்படியாகவில்லை. பொட்டலம் போட்டு விற்பதில்தான் காசு என்று டாடா டீ முடிவு செய்து மூணாற்றுத் தோட்டங்களிலிருந்து ஒதுங்கியது. 2005 ஏப்ரலில் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி பிறந்தது. பெரும்பான்மைப் பங்கு ஊழியர்களுடையது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பங்குதாரர் ஆனார்கள். டாடா சிறுபான்மைப் பங்கை வைத்துக்கொண்டது. கம்பெனி சீக்கிரமே லாபம் காட்டியது, டிவிடெண்டும் கொடுத்தது. பங்கேற்பு நிர்வாகத்துக்கு உதாரணமாகவும் காட்டப்பட்டது. இவற்றை மறுக்க வேண்டியதில்லை. மூடப்பட்டிருக்கக்கூடிய தோட்டங்கள் மூடப்படவில்லை என்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் 2015 வந்தது. முந்தின வருஷம் 20 சதவீதம் கிடைத்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டது. லாபம் குறைந்தது என்பது காரணம். பங்குதாரர் தர்க்கப்படி இது நியாயம்தான்: கம்பெனி உங்களுடையது, உங்கள் கம்பெனிக்கு வருமானம் இல்லை, நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். அல்தூஸர் சொன்ன 'அழைப்பு' இதுதான். 'ஏ முதலாளி' என்று ஒருவரைக் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த கணத்திலேயே நட்டத்தை அவர் கையில் கொடுத்துவிடுவது.

அந்தப் பெண்கள் திரும்பிப் பார்க்கவில்லை. செப்டம்பர் முதல் பாதியில் ஒன்பது நாள் ஆயிரக்கணக்கில் வந்து சாலையை அடைத்து உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். பங்குப்பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது கூலியிலும் போனஸிலும்தான், டிவிடெண்டில் அல்ல. கோபம் நிர்வாகத்தோடு நிற்கவுமில்லை. சிவப்பு, மூவர்ணம் என்று வித்தியாசம் பாராமல் எல்லாச் சங்கங்களின் ஆண் தலைவர்களையும் அவர்கள் விலக்கி வைத்தார்கள். சங்க அலுவலகங்கள் மீதே சினம் பாய்ந்தது. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குத் தாங்களே பேர் வைத்துக்கொண்டார்கள். கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் என்று பேசி முடிந்தது. அடுத்த மாதம் கூலி 301 ஆனது. கூடவே கிள்ள வேண்டிய கொழுந்தின் குறைந்தபட்ச அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவானது.

'சொந்தக் கம்பெனியை எதிர்த்து யாராவது வேலைநிறுத்தம் செய்வார்களா?' என்ற கேள்வி கேட்பதற்குச் சாமர்த்தியமாக இருக்கும். நாம் கேட்க வேண்டியது வேறு. வேலைநிறுத்தம் செய்துதான் தன் குரலைக் கேட்கவைக்க முடியும் என்றால், அந்தக் கம்பெனி எந்தப் பொருளில் அவளுடையது? ஒரு பெண் தொழிலாளிக்கும் அவள் பங்குக்கும் நடுவே கண்டக்டர், சூப்பர்வைசர், மேனேஜர் என்று பழைய ஏணி அப்படியே நின்றது. சங்கத்துக்குள்ளேயும் அதே ஏணிதான். கங்காணி போய்விட்டான், கங்காணித்தனம் போகவில்லை. கிள்ளுகிறவள் பெண், பேசுகிறவன் ஆண். பங்குப்பத்திரம் இந்தப் பிரிவினையின் மேலேயே வந்து விழுந்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். தொழிலாளர்களே பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கிற கம்பெனியின் லயங்கள் அவை. எங்கே குடியிருப்பது என்று தீர்மானிக்கிற உரிமை எந்தப் பங்குப்பத்திரத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

4

அப்படியானால் தொழிலாளர் உடைமை என்பதே ஏமாற்று என்று சொல்லிவிடலாமா? அது சோம்பேறித்தனமான முடிவு. கண்ணூரைப் பார்க்க வேண்டும்.

1966ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. 1968ல் கேரளம் அதை நடைமுறைப்படுத்தப் போனபோது, மங்களூர்ப் பீடி முதலாளிகள் கண்ணூர்ப் பக்கத்துக் கடைகளை மூடிவிட்டுப் போனார்கள். வேலை போன ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டு, அரசுக் கடனோடு, 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. உச்சத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்தார்கள். இங்கும் முதலாளி ஓடியபிறகுதான் தொழிலாளி உள்ளே வந்தார் என்பது உண்மை. ஆனால் வந்த விதம் வேறு. வேலை கூடத்தில் நடந்தது. ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றினார்கள். ஆரம்பச் சங்கங்களின் நிர்வாகக் குழுவைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்தார்கள். சட்டம் சொன்ன விடுப்பும் சலுகையும் கைக்கு வந்தன. பின்னால் பீடிக்கே சந்தை சுருங்கியபோது குடை, உணவுப்பொருள், ஆயத்த ஆடை என்று வேறு தொழில்களுக்கு மாறிப் பார்த்தார்கள். சுருங்கியது சுருங்கியதுதான். ஆனாலும் எங்கே மாறுவது என்ற முடிவு அவர்கள் வைத்திருந்த அமைப்புக்குள்ளேயே எடுக்கப்பட்டது.

மலைக்கு இந்தப் பக்கம், தென்காசி, கடையம், ஆலங்குளம் ஊர்களில் அதே பீடிதான், அதே சட்டம்தான். ஆனால் இங்கே பெண்கள் தனித்தனியாக வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்துச் சுற்றுகிறார்கள். இலையும் தூளும் எடைபோட்டு வாங்கி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி கிடையாது. தட்டு அவளுடையது, வீடு அவளுடையது, கத்தரி அவளுடையது. உற்பத்திக் கருவி முழுக்கச் சொந்தம். ஆனாலும் அவளை யாரும் முதலாளி என்று சொல்வதில்லை. 'சொந்தம்' என்பது பொருளில் இல்லை, பேசுகிற இடத்தில் இருக்கிறது என்பதற்கு இந்தத் திண்ணையை விடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

5

கூட்டுறவு ஆலைகளில் மூலதனத்துக்கும் உழைப்புக்குமான முரண் தீர்கிறது, ஆனால் தொழிலாளர்களே தங்களுக்கு முதலாளியாகிற வடிவத்தில்தான் முதலில் தீர்கிறது என்று 'மூலதன'த்தின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் சொல்கிறார். அந்த 'முதலில்' என்பதுதான் அழுத்திப் படிக்க வேண்டிய இடம். அங்கேயே நின்றுவிட்டால் கிடைப்பது கிரைஸ்லர். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் கிடைப்பது கண்ணூர்.

இது ஏட்டு விவகாரமல்ல. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தது. தொழிலாளர் போராட்டம் இழப்பீட்டுத் தொகையில் போய் முடிந்தது. 2024ல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் போகச் சொன்னபோது, அரசின் டான்டீ எடுத்து நடத்தட்டும் என்ற கோரிக்கை எழுந்தது. ஓர் இடத்தில் பணம், இன்னோர் இடத்தில் வேறொரு எஜமான். 'நாங்களே நடத்துறோம்' என்ற குரல் ஓங்கி எழாததற்குத் தொழிலாளரைக் குறை சொல்வது அநியாயம். அப்படி நடத்துவதற்கான பழக்கத்தை நம் சங்கங்கள் அவர்களுக்குக் கொடுத்ததே இல்லை.

அடுத்த தடவை நொடித்த ஆலை ஒன்றின் பங்கை யாராவது தொழிலாளியிடம் நீட்டும்போது எத்தனை சதவீதம் என்பதைக் கடைசியாகக் கேட்டுக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியவை மூன்று. வேலைநிறுத்த உரிமை மிச்சமிருக்கிறதா? நிலத்தையும் குடியிருப்பையும் பற்றி முடிவெடுப்பது யார்? கொழுந்து கிள்ளுகிறவள், பீடி சுற்றுகிறவள், போல்ட் முடுக்குகிறவன் கூடிப் பேசுவதற்கு வேலை நேரத்துக்குள்ளேயே இடம் உண்டா? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் நீட்டப்படுவது குடிவாரம்தான். வாங்கிக்கொள்ளலாம், பசிக்கு அதுவும் வேண்டும். ஆனால் அதை உடைமை என்று சொல்லிக்கொண்டு சங்கத்தைக் கலைத்துவிடக் கூடாது.