சனிக்கிழமைச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையும்

திருப்பூரில் நாடகம் போடுகிறவரிடம் எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீர்கள் என்று கேட்டால், "ஏழு ஞாயிறுங்க" என்பார். இங்கே சம்பளம் சனிக்கிழமை. காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் போனவர் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வெளியே வர இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். மிச்சம் இருப்பது ஞாயிறு ஒன்றுதான். அதையும் ஷிப்மென்ட் அவசரம் பாதி நாள் தின்றுவிடும். இந்த நாடக விழா மலருக்கு நம் பகுதி நாடகக் குழுக்களின் மரபையும் தரத்தையும் பற்றி எழுதச் சொன்னபோது, எனக்கு முதலில் தோன்றியது இந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு.

அமெச்சூர் என்றால் அரைகுறை என்று நம்மிடையே பொருளாகிவிட்டது. ஆய்வாளர்கள் தமிழில் 'பயில்முறைக் குழு' என்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும், பயில்வதுதான் அதில் முன்னால் நிற்கிறது. 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்களுக்கு நாடகம் பிழைப்பு இல்லை. அவரே பிறகு வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். பெல்லாரியிலிருந்து வந்த தெலுங்குக் குழுவின் நாடகத்தைப் பார்த்துவிட்டு, படித்தவர்களும் மேடை ஏறலாம், ஏறினால் ஒழுங்காக ஏற வேண்டும் என்று முடிவெடுத்தவர். அவருடைய 'நாடகமேடை நினைவுகள்' நூலைக் குழு நடத்துகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஒத்திகையைப் பற்றி அவ்வளவு அக்கறையாகப் பேசும் புத்தகம் தமிழில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதற்கு நேர் எதிரே நிற்பது சங்கரதாஸ் சுவாமிகளின் பள்ளி. 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பையன்கள் தங்கி, உண்டு, அடிவாங்கி, பாட்டும் வசனமும் கற்றார்கள். தொழில்முறைக் கம்பெனி அது. நம் பகுதிக்கு அந்தப் பள்ளி வந்து சேர்ந்த வழி உடுமலை. பூளவாடியில் 1899-ல் பிறந்த உடுமலை நாராயணகவி, முத்துசாமிக் கவிராயரிடம் பாடம் கேட்டு, நாடக மேடைக்கு எழுதி, பிறகு சினிமாவுக்குப் போனவர். தப்பு, உடுக்கை, ஒயில் கும்மி எல்லாம் ஊர்த் திருவிழாவிலேயே காதில் ஏறியவர். அவர் பாட்டில் பேச்சு நடையும் தாளமும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

உடுக்கையைப் பற்றிச் சொல்லாமல் கொங்கு நாட்டு மேடையைப் பற்றிப் பேச முடியாது. அண்ணன்மார் கதையை இரவு இரவாக உடுக்கையடித்துப் பாடுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரே ஆள் தங்கை தங்காளாக அழுது, மறு நொடி அண்ணன் சங்கராகச் சீறுவதை. காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1965-ல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் அதை முழுவதுமாக ஒலிப்பதிவு செய்து உலகத்துக்குக் கொண்டுபோனார். நம் குழுக்களில் எத்தனை பேர் அந்தப் பாட்டுக்காரர் ஒருவரின் முன்னால் ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கிறோம்? குரலை மாற்றாமல் மூச்சை மாற்றி ஆளை மாற்றும் வித்தை அங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

அடுத்து வந்தது கட்சி நாடகம். காஞ்சிபுரத்து அண்ணாதுரை பெரியாரை முதன்முதலில் சந்தித்தது 1930-களின் நடுவில் நம் திருப்பூரில் நடந்த ஒரு மாநாட்டில்தான். பிற்பாடு 'சந்திரோதயம்' எழுதி, 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' எழுதி, தானே வேடம் கட்டிய தலைவர் அவர். அந்த அலையில் வசன நாடகம் கிராமம் வரை போனது. கோயில் நோன்பிக்கு ஊர் இளைஞர்கள் போடும் சமூக நாடகம் அதன் பேரப்பிள்ளை. வாடகைக்கு சீன் செட்டிங், சம்பளத்துக்கு வெளியூர் நடிகை, விடிய விடிய நீளும் அடுக்கு வசனம். இந்தப் பள்ளியின் பலம் குரல், பலவீனமும் அதேதான். தாய் இறந்த காட்சியிலும் மேடைப் பேச்சு குறையாது.

1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. வீதி நாடகம் இங்கே விருந்தாளியாக வரவில்லை. முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமான தமுஎகசவின் மேடைகள், மே தினக் கூட்டங்கள், 1990-களில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணம் என்று பல வாசல் வழியாக வந்து ஊர்க்காரனாகிவிட்டது. 1989 சனவரி 1 அன்று டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில் தொழிலாளர் குடியிருப்பில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே தாக்கப்பட்டு, மறுநாள் உயிரைவிட்ட சப்தர் ஹஷ்மியின் பிறந்த நாளான ஏப்ரல் 12 வீதி நாடக நாளாகக் கொண்டாடப்படுகிறது. வீதி நாடகத்துக்குத் தரம் தேவையில்லை, கருத்து போதும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். வட்டத்தின் நடுவில் நிற்பவன் எப்போதும் யாருக்கோ முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறான். அந்த முதுகும் நடிக்க வேண்டும். மைக் கிடையாது, விளக்கு கிடையாது, தப்புச் சத்தம் கேட்டு நின்றவன் பஸ் வந்தால் போய்விடுவான். மேடையைவிடக் கடினமான பரீட்சை இது.

காந்திகிராமத்தில் 1977-ல் நடந்த நாடகப் பட்டறையும், கூத்துப்பட்டறை, நிஜ நாடக இயக்கம், பரீக்ஷா போன்ற குழுக்களும் வளர்த்த நவீன நாடகம் உடலைப் பேசவைத்தது. நம் குழுக்கள் சில அதன் மேல்தோலை மட்டும் எடுத்துக்கொண்டன. கறுப்பு உடையும் கூட்டமாக எழுப்பும் ஓசையும் வந்தன, ஏன் என்ற கேள்வி வரவில்லை. ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நம் தெருவில் குடியிருக்கும் இன்றைக்கு, சொல் தெரியாதவனுக்கும் புரிகிற உடல்மொழி நமக்கு அவசியம். போன முறை விழாவில் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்த ஒடியா இளைஞர்கள் ஒரு வசனமும் புரியாமல் கடைசிக் காட்சி வரை நின்றதை நான் பார்த்தேன்.

சென்னை சபா நாடகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றின் சிரிப்பு வேறு வீட்டு வரவேற்பறைக்கு எழுதப்பட்டது. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' மட்டும் விதிவிலக்கு, நம் ஊர்க் குழு எடுத்தாலும் அது நம்முடையதாகவே நிற்கும்.

நம் ஊரைப் போலவே மும்பையின் கிரண்காவ் மில் பகுதியிலும் தொழிலாளர்கள் நாடகம் வளர்த்தார்கள். அண்ணாபாவு சாட்டேயின் லோகநாட்டியம் என்ற மக்கள் நாடகம் அங்கே சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து எழுந்தது. மராட்டியத்தில் பயில்முறைக் குழுக்களுக்கென்று அரசே நாடகப் போட்டி நடத்துகிறது, அதில் பரிசு பெறுவது பெருமை. நமக்கு அரசிடமிருந்து நெடுங்காலம் கிடைத்தது வேறு. 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின்படி பிரதியைக் கொண்டுபோய் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2013-ல்தான்.

இத்தனை பள்ளிகளையும் ஒரே விழாவில் ஒரே மதிப்பெண் தாளால் அளக்கிறோம். பாட்டு நாடகத்தை இயல்பு நடிப்புக்குக் குறைக்கிறோம், வீதி நாடகத்தை அரங்க அமைப்புக்குக் குறைக்கிறோம். அந்தந்தப் பள்ளியை அதனதன் கோலால் அளந்துவிட்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒத்திகையை மட்டும் பாருங்கள் என்பது நடுவர்களிடம் என் வேண்டுகோள். அது மேடையில் தெரியும். ஒருவன் பேசும்போது மற்ற நால்வர் கேட்கிறார்களா, தங்கள் வசனத்துக்குக் காத்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

எங்கள் குழு ஒத்திகை பார்த்தது ஒரு கட்டிங் ஹாலில். சுற்றிலும் துணி ரோல், மேசைக்கடியில் பண்டல். துணி சத்தத்தைக் குடித்துவிடும். அங்கே எவ்வளவு கத்தினாலும் பஞ்சுக்குள் பேசியது போலிருக்கும். ஓவர்லாக் மிஷினுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவருக்குக் கத்திப் பேசுவதே இயல்பு, தொண்டையில் வேறு பஞ்சுத்தூசி. ஆகவே எங்களுக்கு முதல் பாடம் குரலை உயர்த்துவது இல்லை, இறக்குவது. நான்காவது ஞாயிறு மொட்டை மாடிக்குப் போனோம். தெருவில் வண்டிகள் போகப் போக, மெல்லப் பேசிய ஒரு சொல் எதிர்ச் சுவர் வரை போவதை அன்றுதான் கேட்டோம்.

ஒரு வருஷம் விழாவுக்கு முந்தின நாள் எங்கள் கதாநாயகன் வேலை செய்த கம்பெனியில் கன்டெய்னர் கிளம்ப வேண்டும் என்று விடியவிடிய வேலை வைத்தார்கள், மறுநாளும் விடவில்லை. பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் மேடையேறினேன். அன்று மற்ற எட்டுப் பேரின் ஏழு ஞாயிறும் என்னால் வீணாயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு வேடத்துக்கும் இரண்டு பேரைத் தயார் செய்கிறோம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மேடையில் கொங்குத் தமிழ் சிரிப்பதற்கு மட்டும் வருகிறது. வல்லகுண்டாபுரத்து கவுண்டமணி அதைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டாடவைத்தார், அது பெருமைதான். ஆனால் நாயகன் அழும்போது மட்டும் ஏன் மதராஸ் பாஷைக்குத் தாவுகிறான்? கீரனூர் ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' நாவலில் இந்தப் பேச்சை வைத்தே ஒரு கொலையின் துயரத்தைச் சொல்லிவிட்டார்.

சென்ற முறை ஒரு குழுவில் செக்கிங் வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் தாயாக நடித்தார். மகன் ஊரைவிட்டுப் போகிறேன் என்று சொல்லும் காட்சி. வசனம் இரண்டே வரி. அவன் பேசி முடிக்கும்வரை அவர் மடியில் கிடந்த சட்டையில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அவன் நிறுத்தியதும் கத்தரி நின்றது. "சாப்புட்டுட்டு போ சாமி" என்றார். அது பிரதியில் இருந்ததா என்று பிறகு போய்க் கேட்டேன். "ஆறாவது ஞாயித்துக்கெழமை தானா வந்துதுங்க, சார் அப்படியே வெச்சுக்கச் சொல்லீட்டாரு" என்றார்.