இணையத்து ஏடுகளும் ஆராயுங் கண்ணும்

நூல்கள் அரியனவாயிருந்த காலத்தில் அவற்றைத் தேடிப் பெறுதலே கற்போரின் பெருமுயற்சியாயிற்று. இன்று பெறுதல் எளிது. பெற்றவற்றுள் கொள்ளத்தக்கது இதுவெனத் தெளிதலே அரிது. இணையத்திற் கிடைக்குங் கல்விச் செல்வத்தை மதிப்பிடப் புகுவோர் அதன் பெருக்கத்தைக் கண்டு மயங்காது, ஆராய்ச்சிக்கு அஃது எத்துணைச் சான்றாகும் என்பதையே நோக்குதல் வேண்டும். மூன்று களஞ்சியங்களைக் கொண்டு ஈண்டு இதனை ஆராய்வாம்.

முதலாவது மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற இது, தன்னார்வலர் உழைப்பாற் சங்கநூல் முதல் இக்கால நூல் வரை பலவற்றைத் தட்டெழுத்துப் பாடமாக்கி, யாவர்க்கும் இலவசமாய் வழங்குகின்றது. ஒரு சொல் எங்கெங்கே பயின்று வந்துள்ளது என்பதை நொடியில் அறியலாம். முன்னாளிற் சொல்லடைவு தொகுத்தோர் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற பயன் இஃது. ஆயினும், ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து தட்டெழுத்துக்கும் பாடம் பெயருந்தோறும் பிழை புகுதற்கு இடமுண்டு. 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, சிதைந்த ஏடுகளோடு தாம் பட்ட பாட்டைப் பதிப்புரையில் எடுத்துரைத்தார். அத்தகைய பதிப்புரைகளை விடுத்துப் பாட்டை மட்டுங் கொள்வோர், அப்பாடம் எவ்வாறு நமக்குக் கிடைத்தது என்பதனை அறியாதொழிவர்.

இக்குறையை நிரப்புவது ‘நூலகம்’. 2005இல் தொடங்கிய இவ்வெண்ணிம நூலகம் ஈழத்து நூல், சஞ்சிகை, பத்திரிகை, சிறப்புமலர் முதலியவற்றைப் பக்கப் படிமங்களாகவே பேணுகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அரிய ஏடு ஓரிடத்தில் ஒரு படியாக இருத்தலின் இடரை அதனினும் தெளிவாகக் காட்டவல்லது பிறிதில்லை. படிமத்தில் முன்னுரை, அச்சகத்தின் பெயர், ஆண்டு ஆகியன மூலத்தில் உள்ளவாறே நிற்கும். ஆனால், எழுத்தாக மாற்றப்படாத படிமத்துட் சொற்றேடல் இயலாது. பொறுமையுடன் பக்கம் புரட்டுதலே வழி.

மூன்றாவது காட்சிச் செல்வம். நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகம் 2017இல், உரிமைத்தடை இல்லாத தன் கலைப்பொருள்களின் படங்களை எவரும் பயன்படுத்துமாறு திறந்துவிட்டது. அங்குள்ள சோழர்காலப் பார்வதி திருமேனியின் அணிநுணுக்கங்களை நம்மூர் மாணவனும் இன்று அருகிற் காண்பான்போலக் காணலாம். எனினும், ஏறத்தாழ 70 சதமமீற்றர் உயரமுள்ள அத்திருமேனி திரையில் விரலளவும் ஆகும், சுவரளவும் ஆகும். பட்டும் மாலையும் புனைந்து உலாப்போதற்கென வார்க்கப்பெறும் திருவுருவம் படத்தில் தனித்துத் தோன்றும். படத்தின் அருகே உள்ள அளவு, காலம், உலோகம் பற்றிய குறிப்புகளைப் படியாது படத்தை மட்டும் பெயர்த்தெடுப்பவன் அக்கலையின் நிழலையே கண்டவனாவான்.

ஆகவே இவற்றுள் எதுவும் தனித்து நிறைவுடையதன்று. தட்டெழுத்துப் பாடத்திற் சொல்லைத் தேடுக. பக்கப் படிமத்தில் அதனைச் சரிபார்க்க. படத்தைக் குறிப்போடு கொள்க. மாணாக்கர் கட்டுரையில் மேற்கோள் காணும் ஆசிரியர், “எங்கே கண்டாய்?” என்பதோடு அமையாது, “எப்பதிப்பிற் கண்டாய்?” எனவும் வினவுதல் வேண்டும். இவ்வினா வகுப்பறையில் வழக்காகுமாயின், இணையத்தின் பெருக்கம் நம் மாணாக்கர்க்குச் சுமையாகாது செல்வமாகும்.