'புதிய கண்டம்' என்னும் புகழுரை: 1973ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய இலக்கியச் சூழல்

ஆய்வுச் சுருக்கம்

1973ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசு ஆஸ்திரேலிய நாவலாசிரியர் பேட்ரிக் வைட்டுக்கு வழங்கப்பட்டது. அவர் ஒரு புதிய கண்டத்தை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர் எனச் சுவீடிய அக்காதெமி பாராட்டியது. அதே ஆண்டில் அந்நாட்டுப் பூர்வகுடி எழுத்தும் தனக்கான நூல்களையும் இதழையும் நிறுவனத்தையும் பெற்று நின்றது. இவ்விரு நிகழ்வுகளையும் ஒருங்கே வைத்து வாசிக்கும்போது அப்புகழுரையின் அடிப்படை ஐயத்துக்குள்ளாகிறது என்பதையும், வைட்டின் புனைவுகளே அந்த ஐயத்துக்கு இடந்தருகின்றன என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முன்னுரை

இலக்கிய வரலாற்றில் சில ஆண்டுகள் ஒரு தனிப்பெயரோடு பிணைந்துவிடுகின்றன. ஆஸ்திரேலிய இலக்கியத்தில் 1973 'வைட்டின் ஆண்டு' என்றே அறியப்படுகிறது. நோபல் அறிவிப்பு அக்டோபர் 18இல் வந்தது. இரண்டு நாள் கழித்துச் சிட்னி ஓபரா மாளிகை திறக்கப்பட்டது. பண்பாட்டுத் துறையில் நாடு வயதுக்கு வந்துவிட்டது என்ற பெருமித உணர்வுக்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்றாகக் காட்டப்பட்டன. எனினும், அவ்வாண்டைப் பரிசுச் செய்தியிலிருந்து தொடங்காமல், அப்போது அங்கே யார் எதை எழுதிக்கொண்டிருந்தனர் என்ற வினாவிலிருந்து தொடங்கினால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

அரசும் இலக்கியமும்

1972 டிசம்பரில் பொறுப்பேற்ற விட்லம் தலைமையிலான தொழிற்கட்சி அரசு கலைகளுக்கான அமைப்பை 1973இல் திருத்தியமைத்தது. எழுத்தாளர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் நோக்கோடு 1908இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் இலக்கிய நிதியின் இடத்தை இலக்கிய வாரியம் பெற்றது. வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பிளெய்னி அதன் முதல் தலைவரானார். நலிந்தோர்க்கு உதவுதல் என்ற நிலையிலிருந்து, எழுதும் காலத்திலேயே எழுத்தாளரை ஆதரித்தல் என்ற நிலைக்கு அரசின் நோக்கு நகர்ந்தது.

இதே சீரமைப்பில் பூர்வகுடிக் கலை வாரியமும் உருவானது. ஓவியரும் எழுத்தாளருமான டிக் ரஃப்ஸி அதன் முதல் தலைவர். அவருடைய தன்வரலாறு 1971இல் வெளிவந்திருந்தது. பூர்வகுடித் தொன்மக் கதையொன்றை எழுதி ஓவியம் தீட்டிய அவரது சிறுவர் நூல் 1973இலேயே வெளியானது. இலக்கிய வரலாறுகள் முதல் வாரியத்தை விரிவாகப் பேசுகின்றன. இரண்டாவதைப் பெரும்பாலும் கலை வரலாற்றுக்கு விட்டுவிடுகின்றன. பூர்வகுடியினரின் சொல்லை 'இலக்கியம்' என்று எண்ணாமல் 'கலை', 'வழக்காறு' என்று ஒதுக்கிவைக்கும் பழைய வழக்கம் இப்பகுப்பிலும் தொடர்கிறது.

அவ்வாண்டில் மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது எவருக்கும் வழங்கப்படவில்லை என்பதும் இங்கே கருதத்தக்கது. உலக அரங்கில் ஆஸ்திரேலிய நாவல் மகுடம் சூடிய ஆண்டில், உள்நாட்டின் தலையாய நாவல் விருதுக்குரிய இடம் வெற்றிடமாக நின்றது. மதிப்பீட்டு நிறுவனங்கள் ஒரே அளவுகோலைக் கைக்கொள்வதில்லை என்பதற்கு இது எளிய சான்று.

புகழுரையின் பிறப்பிடம்

ஒரு கண்டத்தைப் 'புதியது' என்பதற்கு, அதைச் சொல்லும் இடம் ஐரோப்பாவாக இருத்தல் வேண்டும். பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாட்டாலும் கதையாலும் பாதை குறிக்கப்பட்ட நிலம் அது. அச்சு என்னும் குறுகிய வரம்புக்குள் நின்று நோக்கினும், டேவிட் உனைப்பன் 1920களிலேயே தம் மக்களின் கதைகளை எழுதினார். அவற்றை அவர் பெயரின்றி வில்லியம் ராம்சே ஸ்மித் 1930இல் தம் நூலாக வெளியிட்டார். அப்போது கேத் வாக்கர் என்று அறியப்பட்ட ஊத்கெரூ நூனுக்கலின் முதல் கவிதைத் தொகுப்பு 1964இல் வெளிவந்தது. ஆகவே 1973இல் அக்கண்டம் இலக்கியத்துக்குள் 'வந்தது' என்பது, இலக்கியம் என்பதன் எல்லையை யார் வரைந்தார் என்பதையே காட்டுகிறது.

இப்பிழையைச் சுவீடிய அக்காதெமியின் அறியாமை என்று மட்டும் தள்ளிவிட இயலாது. நாடு திரும்பிய காரணத்தை விளக்கி 1958இல் வைட் எழுதிய கட்டுரையொன்றில், ஆஸ்திரேலியாவின் வெறுமை பற்றிய சிந்தனை மையமாக அமைகிறது. அவர் சுட்டிய வெறுமை பொருள்வேட்கையில் மூழ்கிய நடுத்தர வர்க்கத்தின் அகவெறுமை. ஆயினும், மக்கள் அருகிய நாட்டைப் புரிதலுடைய மாந்தரால் நிரப்புதல் என்னும் உருவகத்தையும் அவர் அங்கே கையாண்டார். குடியேறிகள் அந்நிலத்தை ஆளற்றதாகக் கருதிய சட்டக் கற்பனையின் நிழல் அவ்வுருவகத்தின்மீது படிந்திருக்கிறது. அக்காதெமியின் சொற்றொடருக்கான மூலப்பொருள் ஓரளவு வைட்டிடமே இருந்தது எனலாம்.

புனைவு கூறும் சாட்சியம்

வைட்டின் நாவல்கள் அவரது கட்டுரையைவிட நுட்பமானவை. 'வோஸ்' (1957) நாவலில் கண்டத்தைத் தன் மனவலிமையால் வெல்லப் புறப்படும் செருமானியப் பயணி, தானே பரிசளித்த கத்தியால் ஜாக்கி என்னும் பூர்வகுடி இளைஞனின் கையால் மடிகிறான். பயணியின் கடிதங்களைச் சுமந்து செல்லும் முதியவர் டுகால்ட், அவற்றைக் கிழித்துக் காற்றில் விடுகிறார். அக்கண்டத்தை எழுத்தாக்கி ஊருக்கு அனுப்பும் முயற்சி நாவலுக்குள்ளேயே முறிந்துபோகிறது. 'ரைடர்ஸ் இன் த சாரியட்' (1961) நாவலில் ஆல்ஃப் டுப்போ என்னும் பூர்வகுடி ஓவியன் தன் பெரும் ஓவியத்தை முடித்தபின் இறக்கிறான். அவன் படைப்புகள் ஏலத்தில் விலைபோய் மறைகின்றன.

இவ்விடங்களில் வைட்டின் நேர்மையும் வரம்பும் ஒருசேரப் புலப்படுகின்றன. குடியேறியின் உரிமைகோரலை அவர் நம்பவில்லை. எனினும் டுப்போவின் ஓவியம் எவர் கண்ணுக்கும் எட்டாமல் போக வேண்டும் என்று கதையை அமைத்தவரும் அவரே. பூர்வகுடி மாந்தர் அவர் புனைவில் தரிசனம் உடையவர்கள். அத்தரிசனத்தைப் பிறரிடம் கொண்டுசேர்க்கும் குரல் அவர்களுக்கு வாய்ப்பதில்லை.

1973இல் வெளியான 'தி ஐ ஆஃப் த ஸ்டார்ம்' இதற்கு மற்றொரு சான்று. சிட்னி மாளிகையொன்றில் மரணப்படுக்கையில் கிடக்கும் எலிசபெத் ஹன்டர், ஒரு தீவில் தனித்துச் சூறாவளியை எதிர்கொண்ட கணத்தையே தன் வாழ்வின் உச்சமாக நினைவுகூர்கிறாள். நாவலில் பிரம்பி தீவு எனப் பெயர்பெறும் அவ்விடம், குவீன்ஸ்லாந்தின் ஃபிரேசர் தீவை அடியொற்றியது. பட்சுல்லா மக்களின் நிலமாகிய அது இன்று 'கரி' என்ற தன் பழம்பெயரைத் திரும்பப் பெற்றுள்ளது. சூறாவளியின் மையத்தில் அவள் பெறும் ஞானம், வேறு மனிதர் எவருமற்ற நிலத்தில் நிகழ்கிறது. மூன்றாண்டுகளுக்குப் பின், 'எ ஃபிரிஞ்ச் ஆஃப் லீவ்ஸ்' (1976) நாவலில் அதே தீவுக்கு வைட் திரும்புகிறார். அங்கே கரையொதுங்கும் ஆங்கிலப் பெண், அந்நிலத்தின் மக்களிடையே அவர்தம் விதிகளுக்கு உட்பட்டு வாழ நேர்கிறது. மூன்றாண்டு இடைவெளியில் ஆளற்ற தீவு ஆள்நிறைந்த தீவாகிறது. இம்மாற்றத்தை நோபல் பரிசின் புகழுரைக்கு வைட் புனைவின் வழியே எழுதிய திருத்தமாக வாசிக்க இடமுண்டு.

அதே ஆண்டின் மறுகுரல்

1973இல் கெவின் கில்பர்ட்டின் 'பிகாஸ் எ ஒயிட் மேனில் நெவர் டூ இட்' வெளிவந்தது. விராஜுரி மரபினரான கில்பர்ட், 14 ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின் 1971இல் வெளிவந்தவர். வெள்ளையர் ஒருபோதும் செய்யப்போவதில்லை என்பதால் நிலவுரிமையையும் மீட்சியையும் தம் மக்களே கையிலெடுக்க வேண்டும் என்னும் வாதத்தை அந்நூலின் தலைப்பே அறிவிக்கிறது. பூர்வகுடி நிலவுரிமை குறித்து ஆராயும் உட்வர்ட் ஆணையம் அமைக்கப்பட்டதும் அவ்வாண்டில்தான். கவிஞர் ஜாக் டேவிஸ் 'ஐடென்டிட்டி' என்னும் பூர்வகுடி இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றதும் அவ்வாண்டில்தான்.

நூல், இதழ், வாரியம் என்னும் இம்மூன்றும் ஒருங்கே அமைந்தமை குறிப்பிடத்தக்கது. தன் கருத்தைத் தானே எழுதவும், தானே பதிப்பிக்கவும், தனக்குரிய ஆதரவைத் தானே பகிரவும் ஒரு சமூகம் வழிவகுத்துக்கொண்டது. டுப்போவுக்கு வைட்டின் நாவலில் மறுக்கப்பட்டது இதுவே.

பரிசுக்குப் பின்

வைட் பரிசேற்கச் சுவீடன் செல்லவில்லை. ஓவியர் சிட்னி நோலன் அவர் சார்பில் பெற்றுக்கொண்டார். நீண்டகாலம் எழுதியும் உரிய கவனம் பெறாதவர்களுக்கென ஒரு விருதைப் பரிசுத்தொகையைக் கொண்டு அவர் நிறுவினார். 1974இல் கிறிஸ்டினா ஸ்டெட் அதை முதலில் பெற்றார். இவ்விருதைப் பெற்ற முதல் பூர்வகுடி எழுத்தாளர் டோனி பர்ச். அது 2017இல் நிகழ்ந்தது. புறக்கணிக்கப்பட்டோர்க்கெனத் தோன்றிய விருதிலும் இவ்விடைவெளி 43 ஆண்டுகள் நீண்டது.

வெள்ளையர் குடியேற்றத்தின் 200ஆம் ஆண்டு 1988இல் கொண்டாடப்பட்டபோது, தம் படைப்புகள் எவையும் அவ்வாண்டில் வெளியிடப்படவோ மேடையேறவோ கூடாது என வைட் தடுத்தார். அக்கொண்டாட்டத்தை எதிர்த்து ஊத்கெரூ தம் பிரித்தானியப் பட்டத்தைத் திருப்பியளித்துத் தம் இனப்பெயரை ஏற்றார். கில்பர்ட் தமக்கு வழங்கப்பட்ட மனித உரிமை விருதை மறுத்தார். 1973இல் தனித்தனியே ஒலித்த குரல்கள் 15 ஆண்டுகளுக்குப் பின் மறுப்பு என்னும் செயலில் அருகருகே நின்றன.

முடிவுரை

1973ஐ ஒரு தேசிய இலக்கியத்தின் முடிசூட்டு ஆண்டாக மட்டும் கற்பிப்பது, புகழுரையை வரலாறாக ஏற்பதாகும். அவ்வாண்டில் இரு தொடக்கங்கள் நிகழ்ந்தன. குடியேறிகளின் இலக்கியம் உலக ஏற்பைப் பெற்றது. பூர்வகுடி எழுத்து தன் கருவிகளைத் தன் கைக்குக் கொணர்ந்தது. வைட்டின் நாவல்களை கில்பர்ட்டின் நூலோடு இணைத்து வாசிப்பதால் வைட்டின் மதிப்புக் குன்றுவதில்லை. டுகால்ட் கிழித்தெறிந்த கடிதங்களின் பொருள் அவ்வாசிப்பில்தான் துலங்குகிறது. ஆஸ்திரேலிய இலக்கியப் பாடத்திட்டம் வகுப்போர், 'புதிய கண்டம்' என்னும் தொடரை அறிமுக வாசகமாகக் கொள்வதை விடுத்து, விவாதத்துக்குரிய முதல் வினாவாகக் கொள்வது தகும்.