எண்டோவின் ‘மௌனம்’: தியாகமும் பலியும்

இக்காலக் கிறித்தவ வாழ்வில் தியாகத்தின் இடம் குறித்த உரையாடல்களில் ஷூசாக்கு எண்டோவின் ‘மௌனம்’ (1966) புதினம் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் சிறைப்பட்ட இயேசு சபைக் குரு ரொட்ரிகேஸ், குழியில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட குடியானவர்களைக் காக்கக் கிறிஸ்துவின் உருவத்தை மிதிக்கிறார். உயிரை விடுவதினும் இரத்தசாட்சி என்னும் பெருமையை விடுவதே அரிய தியாகம் என இக்காட்சி பொருள்கொள்ளப்படுகிறது. இது பொருந்துவதே, ஆயினும் முழுமையானதன்று.

குழியில் தொங்குவோர் முன்னரே மறுதலித்தவர்கள். குரு பணியும்வரை அவர்களுக்கு விடுதலை இல்லை. கடலில் மரத்தோடு பிணிக்கப்பட்டு மடியும் மோகிச்சியின் இறப்பில் அவனது மறுப்புக்கு இடமுண்டு. இவர்களுக்கோ தேர்வே இல்லை. தமிழில் தியாகம் என்பது ஒருவர் தாமே ஈவது. பலியிலோ பெரும்பாலும் பிறிதோர் உயிர் ஈயப்படுகிறது. சிலுவையில் இவ்விரண்டும் ஒன்றாவதால் கிறித்தவ வழக்கில் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. ரொட்ரிகேஸினது தியாகம் எனின், குடியானவர்களது பலியே எனல் வேண்டும். அவர்களது முனகலைக் குரு முதலில் காவலரின் குறட்டை என்றே கருதுகிறார். அவருடைய அகப்போராட்டத்தை விரித்துரைக்கும் புதினம், குழியில் இருந்தோரின் உள்ளத்துள் ஒருமுறையும் புகவில்லை. மறுதலித்த குருவின் பிற்கால வாழ்வை அது இறுதிவரை தொடர்கிறது. மீட்கப்பட்டோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கூறவில்லை.