நரம்புச் செல்லைச் சாகடிப்பது துத்தநாகமா?

மூளைக்கு ரத்தம் சில நிமிடம் நின்று மறுபடி ஓடினால், ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் சில நரம்புச் செல்கள் உடனே சாவதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்தே சாகின்றன. உள்ளே அளவுக்கு மீறிச் சேரும் துத்தநாகம், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யின் உற்பத்தியை முடக்குவதே காரணம் என்றொரு வாதம் நெடுநாளாக உண்டு. அதில் பாதி உறுதி, பாதி அவசரம்.

உறுதியான பாதிக்கு அடித்தளம் 1996-இல் வந்தது. ஜே-யங் கோ, டென்னிஸ் சோய் குழுவினர் எலி மூளையில் ரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் தடுத்துப் பார்த்தபோது, செத்துக்கொண்டிருந்த செல்களில் துத்தநாகம் குவிந்திருந்தது. உலோக அயனிகளைப் பிடிக்கும் இ.டி.டி.ஏ.வை மூளையறைக்குள் செலுத்தியதும் குவிவது குறைந்தது, சாவும் குறைந்தது. அந்த இ.டி.டி.ஏ.வில் முன்கூட்டியே கால்சியம் ஏற்றியிருந்தார்கள். அது கால்சியத்தை விட்டுத் துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளும். எனவே 'கால்சியம் குறைந்ததால்தான் பிழைத்தது' என்ற மறுப்புக்கு இடமில்லை. நல்ல சோதனை என்றால் இதுதான்.

எப்படிச் சாகடிக்கிறது என்பதில்தான் சிக்கல். 2000-இல் ஷெலைன், பெரன்ஸ், சோய் மூவரும் சுண்டெலி நரம்புச் செல்களை 40 மைக்ரோமோலார் துத்தநாகத்தில் வைத்தார்கள். குளுக்கோஸைச் சிதைக்கும் கிளைக்காலிசிஸ் பாதையின் நடுவில் இடைப்பொருள்கள் தேங்கின, அந்தப் பாதைக்குத் தேவையான என்.ஏ.டி. குறைந்தது, ஏ.டி.பி. சரிந்தது. நிக்கோட்டினமைடு கொடுத்தால் என்.ஏ.டி. குறையவில்லை. அந்தப் பாதையின் இறுதிப்பொருளான பைருவேட்டைக் கொடுத்தால் சாவு குறைந்தது.

பைருவேட்டை எரித்து ஆற்றல் எடுப்பது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. துத்தநாகம் அதை முற்றாக முடக்கியிருந்தால் பைருவேட் எப்படி உதவியிருக்கும்? கேள்வி நியாயமானது, ஆனால் முடிவு கட்டப் போதாது. பைருவேட் லாக்டேட்டாக மாறும்போதே என்.ஏ.டி. மீள்கிறது; செல்லுக்குக் கேடான ஹைட்ரஜன் பெராக்சைடையும் பைருவேட் அழிக்கும். மைட்டோகாண்ட்ரியா நலமாக இருந்ததற்கு இதை முழுச் சான்றாகக் கொள்ள முடியாது.

மைட்டோகாண்ட்ரியாவே முதலில் அடிபடுகிறது என்போரின் சான்று இன்னும் மெலிந்தது. பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் துத்தநாகம் சுவாசச் சங்கிலியின் மூன்றாம் கூட்டமைப்பையும் ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் டிஹைட்ரஜனேஸையும் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் ஓய்விலிருக்கும் செல்லில் கட்டற்ற துத்தநாகம் நானோமோலாருக்கும் கீழே. மெட்டலோதயோனீன், குளூட்டதயோன் எல்லாம் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. சோதனைக் குழாயில் அந்தக் காவல் கிடையாது. அங்கே மைக்ரோமோலார் அளவில் ஊற்றிப் பார்த்துவிட்டு உயிருள்ள செல்லுக்குத் தீர்ப்பு எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. கருவித் தொல்லை வேறு: கால்சியம் அளக்கும் ஃபுரா-2 சாயம் கால்சியத்தைவிடத் துத்தநாகத்தை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். பழைய கால்சியக் கணக்குகள் சிலவற்றில் துத்தநாகமும் கலந்திருக்கலாம்.

ஆகவே என் முடிவு: ரத்தம் தடைப்பட்ட மூளையில் செல் சாவதற்குத் துத்தநாகம் துணைபோகிறது, இது நிலைநாட்டப்பட்டது. ஆற்றலைக் குலைக்கும் வழிகளில் என்.ஏ.டி. இழப்புக்கே சான்று வலுவானது. மைட்டோகாண்ட்ரியாவே முதலில் அடிபடுகிறது என்பது நிறுவப்படவில்லை. துத்தநாகத்தை உறிஞ்சியெடுத்தால் மூளை பிழைக்கும் என்று மருந்துக்குத் தாவுவதும் சரியல்ல. செல்லுக்குள் புகுந்து துத்தநாகத்தைப் பிடிக்கும் டி.பி.இ.என். என்ற பொருளை அதிகம் கொடுத்தால், அதுவே நரம்புச் செல்லைக் கொன்றுவிடுகிறது.