வாயிலில் நிற்கும் அணங்கு: ‘உரியவரை உள்ளே விடு’ திரைப்படமும் காண்போர் மெய்ப்பாடும்

முன்னுரை

ஒரே படைப்பு ஒருவர்க்கு அச்சத்தையும் பிறிதொருவர்க்கு இரக்கத்தையும் மற்றுமொருவர்க்கு மனநிறைவையும் தருமாயின், அவ்வேறுபாட்டை அவரவர் சுவை என்று கூறி விடுத்தல் திறனாய்வுக்குப் பொருந்தாது. வேறுபாடு எவ்விடத்தில் தோன்றுகிறது, படைப்பின் எக்கூறு அதற்கு இடந்தருகிறது என்பன ஆராயத்தக்கன. 2008ஆம் ஆண்டு தாமஸ் ஆல்ஃபிரெட்சன் இயக்கத்தில் வெளிவந்த சுவீடிய மொழித் திரைப்படம் இவ்வாய்வுக்கு ஏற்ற களமாக அமைகிறது. ஆங்கிலத்தில் ‘லெட் த ரைட் ஒன் இன்’ என வழங்கும் அப்படத்தின் பெயரை ‘உரியவரை உள்ளே விடு’ எனத் தமிழில் கூறலாம். குருதி உண்டு வாழும் ஒரு பிள்ளையும், உடன் பயில்வோரால் துன்புறும் ஒரு சிறுவனும் கொள்ளும் நட்பே அதன் பொருள். அப்படத்தைக் கண்டோர் கொண்ட வேறுபட்ட கருத்துகளைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வழிநின்று விளக்குவதும், டோம்பிவிலி போன்ற மும்பைப் புறநகரில் வாழும் தமிழ்ப் பார்வையாளர்க்கு அப்படம் எழுப்பும் வினாவைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கதையும் களமும்

யோன் ஐவீதே லிண்ட்க்விஸ்ட் 2004இல் வெளியிட்ட நாவலே படத்திற்கு மூலம். திரைக்கதையையும் அவரே எழுதினார். ஸ்டாக்ஹோம் நகரின் புறநகரான பிளாக்கெபெர்க் கதை நிகழும் இடம். காலம் 1980களின் தொடக்கம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஆஸ்கர் தாயுடன் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிறான். பள்ளியில் கொன்னி என்பவனும் அவன் தோழர்களும் அவனை நாள்தோறும் துன்புறுத்துகின்றனர். அடுத்த வீட்டிற்கு ஏலி என்னும் பிள்ளை, ஹோகான் என்னும் முதியவனோடு குடிவருகிறது. தனக்கும் பன்னிரண்டு வயதே எனவும், நெடுங்காலமாகவே அவ்வயதில் இருப்பதாகவும் ஏலி கூறுகிறது. ஏலியின் பசிக்காக ஹோகான் கொலை புரிகிறான். இரு வீடுகளுக்கும் பொதுவான சுவரைத் தட்டித் தட்டியே பிள்ளைகள் இருவரும் பேசிக்கொள்கின்றனர்.

அழைப்பின்றி ஒரு வீட்டினுள் நுழைதல் ஏலிக்கு இயலாது. ஆஸ்கர் இதனைச் சோதிக்க எண்ணி அழைப்பை மறுக்கிறான். அழைக்கப்படாமலே உள்ளே வரும் ஏலியின் உடலெங்கும் குருதி கசிகிறது. அதனைக் கண்டு அஞ்சிய ஆஸ்கர் உடனே அழைப்பைத் தருகிறான். படத்தின் பொருள் முழுவதும் இவ்வாயிற்காட்சியில் அடங்கியுள்ளது எனலாம்.

காண்போர் கொண்ட மூவகைப் பொருள்

படத்தின் இறுதியில் ஆஸ்கர் தொடர்வண்டியில் செல்கிறான். அவனருகே உள்ள பெட்டிக்குள் ஏலி இருக்கிறது. இருவரும் முன்போலத் தட்டிப் பேசிக்கொள்கின்றனர். இம்முடிவே கருத்து வேறுபாட்டுக்குத் தலைமையான இடம். தனித்து வாடிய இருவர் ஒருவரையொருவர் அடைந்தனர் என இதனை இன்ப முடிவாகக் கொண்டோர் பலர். ஹோகானின் இடத்திற்கு ஏலி புதிய ஏவலனைத் தேடிக்கொண்டது, ஆஸ்கரும் ஒருநாள் முதுமையுற்றுக் கொலைஞனாகவே மடிவான் எனக் கொண்டோர் பிறர். 2010இல் மாட் ரீவ்ஸ் இயக்கிய அமெரிக்க மறுவாக்கம் இரண்டாம் கருத்துக்கு வலுவூட்டியது. அதில் முதியவனின் இளமைக் காலப் புகைப்படம், குருதியுண்ணும் சிறுமியுடன் அவன் இருப்பதாகவே காட்டப்படுகிறது. இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்ட மூன்றாம் வழியை நாவலாசிரியரே பின்னர் ஒரு சிறுகதையில் காட்டினார். ஆஸ்கர் ஏவலனாகவில்லை, ஏலியைப் போன்றே ஆனான் என்னும் குறிப்பு அதில் உள்ளது.

மொழியும் இவ்வேறுபாட்டுக்குத் துணைபுரிந்துள்ளது. 2009இல் அமெரிக்காவில் வெளியான வட்டுப் பதிப்பில் ஆங்கிலத் துணையுரை, திரையரங்கில் இடம்பெற்றதினும் சுருக்கப்பட்டு, உரையாடலின் நயம் குன்றியிருந்தது. பார்வையாளர் எதிர்ப்புத் தெரிவித்தபின், அடுத்து வரும் வட்டுகளில் திரையரங்கத் துணையுரையே இடம்பெறும் என வெளியீட்டாளர் அறிவித்தனர். ஆகவே ஒரே படத்தைக் கண்டோர் அனைவரும் ஒரே சொற்களைப் பெற்றவர் அல்லர். சுவீடிய மொழியை ஆங்கிலத்தின் வழிப் பெற்றுத் தமிழில் எண்ணும் பார்வையாளர்க்கு இவ்வுண்மை இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

மெய்ப்பாட்டியல் நோக்கு

உய்ப்போன் செய்தது காண்போரைச் சென்று எய்துவதே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் எடுத்துக்காட்டுவார். எனினும் அது எவ்வாறு எய்தும் என்பது எளிய வினாவன்று. வேம்பும் நாவும் கூடியவழியன்றிக் கைப்புச்சுவை பிறவாது. அதுபோல அஞ்சத்தக்க பொருளை நேரே கண்டார்க்கன்றி அச்சம் பிறவாது. அஞ்சியவனைக் கண்டார்க்கு நகையோ கருணையோ தோன்றலாம் என்னும் நுட்பமான வாதம் பேராசிரியர் உரையில் இடம்பெறுகிறது. அச்சம் தன்னிடத்தன்றிப் பிற பொருள் பற்றியே தோன்றும் என்பதும் அவ்வுரை வழியே பெறப்படும் கருத்தாகும்.

இக்கருத்து மேற்கூறிய வேறுபாட்டுக்குத் திறவுகோலாக அமைகிறது. அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறும் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனுள் ஏலி அணங்கின்பாற்படும். ஏலியைப் ‘பிற பொருளாக’ நிறுத்திக் காண்பார்க்கு அச்சம் தோன்றுகிறது. ஆயின் படம் அந்நிலையை நீடிக்க விடுவதில்லை. பசித்த ஏலியின் முகத்தில் முதுமை தெரிகிறது, உடல் நாற்றம் வீசுகிறது, வயிறு வலிக்கிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் இளிவரலின் களன்கள் யாவும் ஒரு பிள்ளையின் உடலில் வந்து கூடுகின்றன. அஞ்சத்தக்கதே இரங்கத்தக்கதும் ஆகும்போது, காண்போர் அதனைத் தம்மவராக ஏற்கின்றனர். பிறிது தனதாகியவழி அச்சத்திற்கு இடமில்லை. வாயிற்காட்சியில் ஆஸ்கர் தரும் அழைப்பைக் காண்போரும் தம் உள்ளத்துள் தருகின்றனர். அழைப்பைத் தந்தவர் காதற்கதையைக் காண்கின்றனர். தர மறுத்தவர் சூழ்ச்சிக்கதையைக் காண்கின்றனர்.

‘அணங்கு’ என்னும் சொல்லே இவ்விரண்டையும் தாங்கி நிற்றல் நோக்கத்தக்கது. அச்சுறுத்தும் தெய்வத்தையும், கண்டார் உள்ளத்தை வருத்தும் பேரழகையும் தமிழ் ஒரு சொல்லாலேயே குறித்தது. திருக்குறள் காமத்துப்பாலின் முதல் அதிகாரம் ‘தகையணங்குறுத்தல்’ எனப் பெயர் பெற்றமை இதற்குச் சான்று.

பழையனூர் நீலி: ஓர் ஒப்பீடு

பேயை வீட்டினுள் விடுதல் தமிழ் மரபுக்குப் புதிய பொருளன்று. பழையனூர் நீலி கதையில், முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, இப்பிறவியில் வணிகனாய் வந்தவனைத் தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, இவன் தன் கணவன் என ஊரவை முன் முறையிடுகிறாள். வேளாளர் எழுபதின்மர் அதனை நம்பி, அவனுயிர்க்குத் தம்முயிரைப் பிணையாக வைத்து, இருவரையும் ஒரு வீட்டினுள் விடுகின்றனர். விடிந்தபோது வணிகன் இறந்து கிடக்கிறான். சொன்ன சொல் தவறாது எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர்.

நீலியைப் பற்றிய தமிழரின் எதிர்வினையும் ஒன்றாக இல்லை. ‘நீலிக்கண்ணீர்’ என்னும் வழக்கு அவளை வஞ்சகியாக நிலைநிறுத்திவிட்டது. கொலையுண்ட பெண் நீதி கேட்டு வந்தாள் என்னும் நோக்கோ அவள் முற்பிறவிக் கதையிலேயே அடங்கியுள்ளது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியோ மூன்றாவதொரு வழியில் செல்கிறது. முனிச்சந்திரரை அச்சுறுத்தச் சென்ற பழையனூர் நீலி, அவர் அஞ்சாமை கண்டு அவர்க்கே மாணாக்கியாகிச் சமண அறத்தை நிறுவும் வாதியாகிறாள். அஞ்சாதவன் முன் அணங்கு அணங்காக நிற்பதில்லை என்பதனை அக்காப்பியம் தன் போக்கில் காட்டியது எனலாம்.

இரு கதைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே இங்குத் தலைமையானது. நீலியை உள்ளே விட்டோர் அதன் விலையைத் தம் உயிரால் செலுத்தினர். ஏலியை உள்ளே விட்ட பார்வையாளர் செலுத்தும் விலை யாது?

புறநகரும் வெகுளியும்

பழையனூர்க் கதையில் ஊர் உண்டு, அவை உண்டு, பிணை நிற்போர் உண்டு. பிளாக்கெபெர்க்கில் அவை இல்லை. 1950களில் எழுந்த, தேவாலயமோ பழைமையோ அற்ற குடியிருப்பாகவே நாவலின் தொடக்கம் அதனை அறிமுகம் செய்கிறது. டோம்பிவிலியில் வாழும் தமிழர்க்கு இச்சூழல் அயலானதன்று. மாட்டுங்கா, செம்பூர், தாராவி போலத் தமிழர் பகுதி என்று பெயர் பெறாத புறநகர் அது. விடியலில் மின்தொடர்வண்டியைப் பிடித்து இரவில் திரும்புவோர் மலிந்த அவ்விடத்தில், அடுத்த வீட்டாரைச் சுவரொலியால் மட்டுமே அறிதல் வியப்பன்று. பெற்றோர் இல்லாப் பொழுதில் பிள்ளைகள் யார்க்குக் கதவு திறக்கின்றனர் என்னும் வினா அங்குக் கற்பனையன்று.

இப்புறநகரின் பெயரையே தலைப்பில் கொண்ட மராத்தித் திரைப்படம் ‘டோம்பிவிலி ஃபாஸ்ட்’ 2005இல் நிஷிகாந்த் காமத் இயக்கத்தில் வெளிவந்தது. அவரே 2007இல் அதனை மாதவன் நடிப்பில் ‘எவனோ ஒருவன்’ எனத் தமிழில் ஆக்கினார். நேர்மையான வங்கி ஊழியன் ஒருவன் அன்றாட முறைகேடுகளைப் பொறாது மட்டையைக் கையிலெடுக்கிறான். அவன் ஓங்கும் அடியில் காண்போர் தம் வெகுளி தணியக் காண்கின்றனர். எனினும் அப்படம் அவ்வெகுளிக்கு விலை வைக்கிறது. இறுதியில் அவன் உயிரிழக்கிறான்.

‘உரியவரை உள்ளே விடு’ அவ்விலையைக் கேட்பதில்லை. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என வெகுளிக்குக் கூறப்படும் களன்களுள், கோலால் புடைத்தலாகிய ‘அலை’ ஆஸ்கர்மேல் நிகழ்கிறது, கன்னம் கிழிகிறது. நீச்சற்குளத்தில் அவன் தலை நீரில் அழுத்தப்படும்போது ஏலி வந்து காக்கிறது. கொலைகள் நீருக்கு மேலே நிகழ, காட்சி நீருக்குள்ளேயே நிற்கிறது. காண்போர்க்குக் கிட்டுவது மீட்பின் நிறைவு மட்டுமே. முன்னரே நண்பனையும் காதலியையும் ஏலியால் இழந்து, தானும் கொல்லப்பட்ட லாக்கேயின் ‘இழவு’ அப்பொழுது எவர் நினைவிலும் எழுவதில்லை. பழிவாங்கக் கத்தியுடன் வந்த லாக்கேயை எச்சரித்து ஏலியைக் காத்தவன் ஆஸ்கர். கொலை நிகழும்போது கதவைச் சாத்தியவனும் அவனே. அழைத்தவன் கதவைச் சாத்தவும் கற்றுக்கொண்டான் என்பதனைப் படம் தெளிவாகவே காட்டியுள்ளது.

முடிவுரை

இத்திரைப்படம் பற்றிய கருத்து வேறுபாடு, ஏலியைக் காண்போர் ‘பிறிதாக’க் கொள்கின்றனரா ‘தனதாக’க் கொள்கின்றனரா என்பதைப் பொறுத்து அமைகிறது. அச்சம் பிறபொருள் பற்றியே வரும் என்னும் உரைமரபுக் கருத்து இதனை விளக்கப் போதுமானது. அச்சம் மட்டுமே கண்டோர் ஒரு பிள்ளையின் பசியைக் காணத் தவறினர். காதல் மட்டுமே கண்டோர் லாக்கேயைக் காணத் தவறினர். அணங்கு என்னும் சொல்லின் இருபொருளையும் ஒருசேரத் தாங்கும் வாசிப்பே நிறைவான வாசிப்பாகும். இரங்கத்தக்கவரை உள்ளே அழைத்தல் அறம். அழைத்தபின் நிகழ்வனவற்றுக்குப் பிணை நிற்றலும் அவ்வறத்தின் கூறே என்பதனைப் பழையனூர் அவை உணர்ந்திருந்தது. அவையற்ற புறநகரில் அப்பொறுப்பு, கதவைத் திறக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே சார்கிறது.